புளோரைடு ஏற்றுமதி, இறக்குமதி: கேள்வி பதில்

கேள்வி: புளோர்ஸ்பாரில் அமிலத் தரம், உலோகத் தரம் என்கிறார்களே?

புளோர்ஸ்பார் என்பது கால்சியம் புளோரைடு கனிமம். அதில் கால்சியம் புளோரைடு 97 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அமிலத் தரம், ஹைட்ரஜன் புளோரைடு தயாரிக்க. குறைந்தால் பெரும்பாலும் எஃகு உலைக்குப் போகும். சுங்க எண்ணும் அங்கேதான் பிரிகிறது: 97 வரை 2529.21, அதற்கு மேல் 2529.22. சரக்கு கப்பலேறும் முன்பே பகுப்பாய்வுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: டன் என்ன விலை?

எந்தத் தரம், எந்தத் துறைமுகம், எவ்வளவு ஈரம் என்று சொன்னால்தானே பதில்?

கேள்வி: ஈரத்துக்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்?

நல்ல கேள்வி. அமிலத் தரச் சரக்கு மாவு போல நைசானது. மொத்தமாக ஏற்றும்போது ஈரத்தோடுதான் வரும், ஆனால் பணம் உலர்ந்த எடைக்கு. ஈரம் வரம்பைத் தாண்டினால் விலைத் தகராறோடு போகாது. கடலில் கப்பல் ஆட ஆட, சரக்கு கூழாகி ஒரு பக்கம் சரிந்து கப்பலையே கவிழ்த்துவிடலாம். ஈரத்துக்கும் தனிச் சான்றிதழ் கேளுங்கள்.

கேள்வி: 2019-ல் ஜப்பான் தென் கொரியாவுக்கு ஹைட்ரஜன் புளோரைடைத் தடை செய்தது ஏன்?

தடை இல்லை, அனுமதி முறை மாறியது. அதுவரை ஒரே அனுமதியில் மூன்று ஆண்டு வரை அனுப்பலாம். ஜூலை 4 முதல் ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் தனி அனுமதி. பரிசீலனைக்கே 90 நாள் வரை ஆகலாம். ஹைட்ரஜன் புளோரைடு, போட்டோரெசிஸ்ட் (ஒளி உணரும் பூச்சு), புளோரினேற்றிய பாலிஇமைடு மூன்றும் சிப், திரைத் தொழிலின் உயிர்நாடி. கொரியாவின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டில் ஓட்டை என்றது டோக்கியோ. 2018-ல் போர்க்காலக் கட்டாய உழைப்பு வழக்கில் ஜப்பானிய நிறுவனங்களுக்கு எதிராகக் கொரிய உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பழிவாங்கல் என்றது சியோல். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. 2023 மார்ச்சில் கட்டுப்பாடு விலகியது, கொரியாவும் உலக வர்த்தக அமைப்பில் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றது.

கேள்வி: ஏன் சார், ஜப்பான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்று சொல்லுங்களேன்! கொரியாதான் இப்போது சொந்தமாகவே தயாரிக்கிறதே?

பாதி சரி. ஜப்பானிடம் வாங்குவது வெகுவாகக் குறைந்தது, ஜப்பானிய உற்பத்தியாளர்களுக்கு அடி விழுந்ததும் உண்மை. ஆனால் கொரியா சுத்திகரிக்கும் மூலப்பொருளான நீரற்ற ஹைட்ரஜன் புளோரைடு பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. பிடி கை மாறியது, அவ்வளவுதான்.

கேள்வி: அந்தச் சீனாவே இப்போது புளோர்ஸ்பார் வாங்குகிறதாமே?

ஆமாம். உலகில் அதிகம் தோண்டும் நாடும் அதுதான், மங்கோலியாவிலிருந்து வாங்குவதும் அதுதான். கனிமமாக விற்பதைவிட குளிர்பதன வாயுவாகவோ பேட்டரி உப்பாகவோ விற்றால் லாபம் அதிகம் இல்லையா?

கேள்வி: டன் விலை?

மேலே பாருங்கள்.

கேள்வி: சோடியம் புளோரைடு ஏற்றுமதிக்கு லைசென்ஸ் வேண்டுமா?

முதலில் ஸ்கோமெட் பட்டியலை, அதாவது ஏற்றுமதிக்கு அனுமதி தேவைப்படும் பொருட்களின் இந்தியப் பட்டியலைப் பாருங்கள். சாரின் நச்சுவாயு தயாரிப்பில் புளோரின் சேர்மங்கள் பயன்படுவதால் சோடியம் புளோரைடு, பொட்டாசியம் புளோரைடு, ஹைட்ரஜன் புளோரைடு எல்லாம் ஆஸ்திரேலியா குழுவின் (ரசாயன, உயிரி ஆயுதப் பரவலைத் தடுக்கும் நாடுகளின் கூட்டமைப்பு) கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளன. இந்தியா 2018 முதல் அதில் உறுப்பினர். வாங்குபவர் இடைத்தரகர் என்றால், கடைசியாகப் பயன்படுத்தப் போவது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். இதற்கும் சான்றிதழ்தான், சலித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: புளோரைடு பற்பசை குழந்தைக்கு நல்லதா?

பல் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: ஹைட்ரோபுளோரிக் அமில மாதிரியைக் கண்ணாடி பாட்டிலில் கூரியர் செய்யலாமா?

ஐயோ, வேண்டாம்! கண்ணாடியையே அரித்துவிடும். ஆபத்தான சரக்குகளுக்கான ஐ.நா. எண்ணில் இது யுஎன் 1790, அரிக்கும் பொருள், நச்சும் கூட. ஆபத்தான சரக்கு கையாளும் உரிமம் உள்ள நிறுவனத்திடம், அதற்கென அங்கீகரித்த பாலிஎதிலீன் கலனில் கொடுங்கள். நீர்த்த அமிலம் தோலில் பட்டால் வலி மணிக்கணக்கில் கழித்துத்தான் தெரியும். உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு தடவிக்கொண்டே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். களிம்பு இல்லாத கிடங்கில் இந்தச் சரக்கை இறக்கவே இறக்காதீர்கள்.