வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் பராமரிப்புத் திட்டம் எழுதுவது எப்படி?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "என் தந்தைக்கு 68 வயது. பக்கவாதத்தால் வலப்பக்கம் செயலிழந்து, 18 நாட்கள் மருத்துவமனையில் இருந்துவிட்டு, போன வாரம் வீட்டுக்கு வந்தார். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கிறோம். சிறுநீர்க் குழாயும் இருக்கிறது. அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பேர் மாறி மாறிப் பார்த்துக்கொள்கிறோம். இருந்தும் முதுகின் அடிப்பகுதியில் தோல் கறுத்திருப்பதை நேற்றுத்தான் கவனித்தோம். ஆளுக்கு ஒரு விதமாகச் செய்வதுதான் காரணமோ என்று தோன்றுகிறது. எதை, எந்த நேரத்தில், எப்படிச் செய்ய வேண்டும்?"

முதலில் அந்தக் கறுத்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது காத்திருக்காது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, நல்ல வெளிச்சத்தில், அந்த இடத்தை விரலால் சில நொடிகள் அழுத்திவிட்டு எடுங்கள். அழுத்திய இடம் வெளிறிப் பின் பழைய நிறத்துக்குத் திரும்பினால் அங்கே இரத்த ஓட்டம் இருக்கிறது என்று கொள்ளலாம். நிறம் மாறாமல் அப்படியே இருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. நம்முடைய மாநிறத் தோலில் இந்த நிற மாற்றம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாமல் போகலாம் என்பதால், சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் சூடாகவோ, கெட்டியாகவோ, கொழகொழவென்றோ இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்ப்பதும் அவசியம். ஊதா கலந்த கறுப்பாக இருந்தால் உள்தசை பாதிக்கப்பட்டிருக்கக்கூடும். அன்றே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். எண்ணெய் தேய்த்து அழுத்திவிட வேண்டாம், நடுவில் ஓட்டையுள்ள வளையத் தலையணையும் வேண்டாம். இரண்டுமே அங்கே எஞ்சியிருக்கும் இரத்த ஓட்டத்தைக் கெடுப்பவை.

இனி திட்டத்துக்கு வருவோம். பலரும் வேலைகளின் பட்டியலையே திட்டம் என்று நினைக்கிறார்கள். செவிலியர் பயிற்சியில் நாங்கள் கற்பது வேறு வரிசை: நோயாளியைப் பார்த்து அறிவது, அவருக்கு என்னென்ன ஆபத்து என்று தீர்மானிப்பது, எந்த நிலையை எட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்வது, செய்வது, செய்தது பலித்ததா என்று மறுபடி பார்ப்பது. வீட்டில் பெரும்பாலும் விடுபடுவது இந்தக் கடைசிப் படிதான்.

எனக்கே அது விடுபட்டிருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில், ஓர் இரவு 2 மணிக்கு ஒரு பெரியவரை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, பதிவேட்டில் "திருப்பப்பட்டார்" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். 4 மணிக்கு மீண்டும் திருப்பியபோது, அவருடைய தொடையின் கீழே ஓர் ஊசி மூடி கிடந்தது. அதன் வட்டமான விளிம்பு தோலில் பதிந்து கறுத்திருந்தது. உணர்ச்சியற்ற பக்கம் என்பதால் அவருக்கு வலிக்கவே இல்லை. திருப்பியதை எழுதிய நான், அந்த வேளையில் விரிப்பையும் தோலையும் பார்க்கவில்லை. அன்றிலிருந்து, செய்ததை எழுதும்போது பார்த்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனவே நீங்கள் மூவரும் ஒரே நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நேரம், செய்தது, பார்த்தது, செய்தவர் பெயர் ஆகிய நான்கும் இருந்தால் போதும். "காலை 8 மணி, இடப்பக்கம், முதுகடித் தோல் நேற்றைப் போலவே, வலது குதிகால் சிவந்திருக்கிறது" என்று உங்கள் அண்ணன் எழுதியிருந்தால், 10 மணிக்கு வரும் அம்மாவுக்கு முதலில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

நேர அட்டவணை போடும்போது ஒரு சிக்கல் வரும். உணவு கொடுக்கும்போதும் அதன் பிறகு ஒரு மணி நேரமும் தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை வரை உயர்ந்திருக்க வேண்டும். இல்லையென்றால் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். அப்படி உயர்த்தினாலோ உடல் கீழே சறுக்கி, ஏற்கெனவே கறுத்திருக்கும் முதுகடித் தோல் விரிப்போடு உராய்ந்து கிழியும். இதற்கு வழி, வேலைகளின் வரிசையில் இருக்கிறது. முதலில் திருப்பி, தோலைப் பார்த்து, புண் தொடங்கிய இடம் படுக்கையில் படாதபடி முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து, உடலை ஏறத்தாழ 30 பாகை சாய்த்து வையுங்கள். பிறகு முழங்கால்களுக்கு அடியில் ஒரு தலையணை வைத்து, குதிகால்கள் படுக்கையைத் தொடாமல் நிற்கச் செய்யுங்கள். அதன் பின்னரே தலைப்பக்கத்தை உயர்த்தி உணவு கொடுங்கள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை உணவு என்று மருத்துவர் சொல்லியிருந்தால், திருப்புவதும் அதே கணக்கில் உணவுக்கு முன்பாக அமைந்துவிடும். வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில் அவரை அசைக்க வேண்டியிராது. இரவில் உணவு இல்லாத வேளைகளிலும் திருப்புவது நிற்கக் கூடாது. ஏர் பெட் வாங்கினால் நல்லதுதான், ஆனால் திருப்பும் வேலையை அது ஏற்றுக்கொள்ளாது.

ஒவ்வொரு முறை உணவு ஊற்றும் முன்பும், மூக்கின் நுனியில் குழாயில் போட்டிருக்கும் அடையாளம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தாலோ, இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ ஒரு துளியும் ஊற்ற வேண்டாம். காற்றைச் செலுத்தி வயிற்றில் சத்தம் கேட்பதும், குழாயின் முனையைத் தண்ணீரில் வைத்துக் குமிழி பார்ப்பதும் நம்பத்தக்க சோதனைகள் அல்ல. உணவைச் சிரிஞ்சால் அழுத்தாமல், தானாக இறங்கும்படி 15 முதல் 20 நிமிடங்களில் கொடுத்து, முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் விடுங்கள். வாய் வழியாகச் சாப்பிடவில்லை என்பதற்காக வாயை விட்டுவிட வேண்டாம். அழுக்குச் சேர்ந்த வாயிலிருந்து இறங்கும் எச்சிலாலும் நிமோனியா வரும்.

குழாயோடு இணைந்த, சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையை, உடலுக்குள் இருக்கும் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே, தரையில் படாமல் தொங்கவிட்டு, மூன்றில் இரண்டு பங்கு நிறையும் முன் காலி செய்து, அளவை எழுதுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளில் 700 மில்லிக்குக் கீழே போனால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குழாய் இன்னும் தேவையா என்று ஒவ்வொரு மறுபரிசோதனையிலும் கேளுங்கள்.

வலக்கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தாங்கும் வலுவிழந்த தோள்மூட்டு எளிதில் நழுவிவிடும். பேச்சு குழறினாலும் அவருக்குப் புரிதல் இருக்கக்கூடும். ஆகவே திருப்பும் முன் "அப்பா, இடப்பக்கம் திருப்பப் போகிறோம்" என்று சொல்லி, அவர் கண்ணாலோ இடக்கையாலோ பதில் காட்ட நேரம் கொடுங்கள். அந்தப் பதிலையும் நோட்டில் எழுதலாம். பேச்சுப் பயிற்சி தருபவருக்கு அது பெரிதும் உதவும்.

மூவரால் மட்டும் இதை மாதக்கணக்கில் தாங்குவது கடினம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கே இயன்முறை மருத்துவரும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரும் வருகிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து, அவர்கள் வரும்போது நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள்.

காய்ச்சல், புண்ணில் துர்நாற்றம், ஒரு கால் மட்டும் வீங்குதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். திடீர் மூச்சுத் திணறல், எழுப்பினால் எழாத மயக்கம், முகம் புதிதாகக் கோணுதல், நன்றாக இருந்த இடப்பக்கம் வலுவிழத்தல் ஆகியவற்றுக்குத் தாமதமின்றி 108-ஐ அழைத்து, அறிகுறி தொடங்கிய நேரத்தை நோட்டில் குறித்து, அதையும் கையோடு கொண்டுபோங்கள்.