பொந்து இருக்கிறதா, பார்த்தீர்களா? – காட்டுயிர் வாழிடம்: கேள்வி பதில்

கேள்வி: செயற்கைக்கோள் படத்தில் காடு பச்சையாகத்தான் தெரிகிறது. பிறகு ஏன் உயிரினங்கள் குறைகின்றன?

பதில்: எந்தப் பறவையும் பச்சை நிறத்தின் மேல் முட்டையிடுவதில்லை. அதற்கு ஒரு பொந்து வேண்டும், பட்டமரம் வேண்டும், தடித்த கிளை வேண்டும். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் மார்பிள்டு மரிலெட் என்றொரு கடற்பறவை உண்டு. இரை தேடுவது கடலில். வட அமெரிக்காவில் அதன் கூடு எங்கே என்பது வெகுகாலம் யாருக்கும் பிடிபடவில்லை. 1974இல் கலிஃபோர்னியாவில், மரமேறிக் கிளை கழிக்கப்போன தொழிலாளி ஒருவர் தற்செயலாகக் கண்டார்: முதிர்ந்த மரத்தின் உயரத்தில், பாசி மெத்தையாகப் படர்ந்த அகலக் கிளையில் ஒரு குஞ்சு. இளங்காடும் அதே பச்சைதான். அந்தக் கிளை மட்டும் அங்கே இருக்காது.

கேள்வி: ஆய்வு மாணவி நான். களத்தில் எதை அளப்பது, சார்?

பதில்: முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். கூடு இருந்த மரங்களைத் தேடித்தேடி டேப் வைத்து அளந்தேன். சுற்றளவு, உயரம், பொந்து பார்க்கும் திசை என்று நோட்டே நிறைந்துவிட்டது. “சரி, கூடு இல்லாத மரங்கள் எப்படி இருக்கின்றன?” என்று வழிகாட்டி கேட்டார். விழித்தேன். ஒரு பருவம் வீண். நீங்கள் அதே காட்டில், சீட்டுக் குலுக்கி எடுத்ததுபோல் வேறு மரங்களையும் தேர்ந்து, அதே அளவுகளை எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் விலங்கின் தேர்வு தெரியும். சுற்றளவைத் தரையிலிருந்து 1.3 மீட்டரில் எடுங்கள். அடிமரத்தில் பலகைபோல் புடைத்த பலகைவேர் இருந்தால் அதற்கு மேலே.

கேள்வி: லேசர் கதிரால் காட்டை அளக்கும் லைடார் கருவி இருக்கும்போது டேப் எதற்கு?

பதில்: மர உயரத்தையும் அடுக்குகளையும் லைடார் பிரமாதமாகக் காட்டும். பொந்துக்குள் எட்டிப் பார்க்காது. எங்கே போய் நடக்கலாம் என்று தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பொந்து இல்லையென்றால் பெட்டி வைத்துவிடலாமே?

பதில்: சில நேரம் அதுதான் உயிர் காக்கும். அமெரிக்காவின் ரெட்-காக்கேடட் மரங்கொத்தி, உயிருள்ள முதிய பைன் மரத்தில்தான் பொந்து குடையும். ஒன்றை முடிக்க ஆண்டுக்கணக்கில் ஆகும். 1989இல் ஹ்யூகோ புயல் தென் கரோலினாவின் ஃபிரான்சிஸ் மரியன் காட்டில் அதன் பொந்து மரங்களில் பெரும்பாலானவற்றைச் சாய்த்தது. நின்ற மரங்களில் குழி வெட்டி மரப்பெட்டிகளைப் பொருத்தினார்கள், பறவைகள் குடியேறின.

ஆனால் பொந்து மட்டும் போதாத இனங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் லெட்பீட்டர் பாஸம் என்ற மரமேறும் சிறு பாலூட்டிக்குத் தூங்கப் பொந்து வேண்டும், இரைக்கும் நடமாட்டத்துக்கும் பக்கத்திலேயே அடர்ந்த அகேசியா மரங்கள் வேண்டும். பொந்தை மட்டும் எண்ணினால், படுக்கையறையைப் பார்த்துவிட்டு வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்வதுபோல. சமையலறை எங்கே?

கேள்வி: முதிர்ந்த காட்டைத் தொடாமல் விட்டால் எல்லா இனமும் பிழைக்குமா?

பதில்: இல்லை. அமெரிக்காவில் மிச்சிகனின் கிர்ட்லாண்ட் வார்ப்ளர் என்ற சிறு பறவை நேர்மாறு. சுமார் 5 முதல் 20 வயதுள்ள ஜாக் பைன் இளங்காடு வேண்டும். தாழ்ந்த கிளைகள் தரையைத் தொடும், கூடு அதன் மறைவில். நெருப்பை அணைத்து அணைத்தே அந்த இளங்காட்டை இல்லாமல் செய்துவிட்டார்கள். அதன் கூட்டில் முட்டையிடும் கவ்பேர்டுகளை 1972 முதல் பிடித்து அகற்றியதும் சரிவு நின்றது, எண்ணிக்கை ஏறவில்லை. 1987இல் பாடும் ஆண் பறவைகள் 167தான். 1980இல் பெரிய தீ எரிந்த இடத்தில் பைன் முளைத்து உரிய வயதுக்கு வந்த பிறகே பறவைகள் பெருகின. 2019இல் அமெரிக்காவின் அழியும் நிலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. காடு எரிந்தது என்றதும் கையைப் பிசைகிறோம். எரிய வேண்டிய காடும் இருக்கிறது.

கேள்வி: எங்கள் காட்டில் இருவாச்சிப் பறவையை இன்னும் பார்க்கிறோம். அப்படியென்றால் பயமில்லைதானே?

பதில்: பெரியவற்றைப் பார்க்கிறீர்களா, குஞ்சுகளையா? இருவாச்சிக்கு நீண்ட ஆயுள். பொந்தும் தானாகக் குடையாது. கிடைத்ததில் பெண் உள்ளே போய் வாசலைச் சிறு பிளவாக அடைத்துக்கொள்ளும். பொந்து கிடைக்காத ஜோடி பல ஆண்டு சும்மா பறந்துகொண்டிருக்கலாம். ஆண் பழத்தோடு எந்த மரத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறது என்று கவனியுங்கள், கூடு அங்கேதான்.

கேள்வி: வெட்டும்போது எத்தனை பொந்து மரங்களை விட்டுவைக்க வேண்டும்?

பதில்: எல்லாக் காட்டுக்கும் ஒரே எண் கிடையாது, இனத்தைப் பொறுத்தது. ஆனால் வெட்டக்கூடாது என்ற குறியை இன்று பொந்துள்ள மரத்துக்கு மட்டும் போடாதீர்கள். லெட்பீட்டர் பாஸம் வாழும் மவுண்டன் ஆஷ் என்ற யூகலிப்டஸ் மரத்தில் பொந்து விழவே 120 ஆண்டுக்கு மேல் ஆகும். பக்கத்தில் நிற்கும் 60, 80 வயது மரங்களுக்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள்.