கங்காணியின் பேரப்பிள்ளைகள்

அன்புள்ள ஐயா,

பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். இப்போது கொழும்பில் வேலை. என் பூட்டனின் தகப்பனார் கோப்பிக் காலத்தில், துறையூர்ப் பக்கமிருந்து 40 பேரைக் கூட்டிக்கொண்டு, ஆள் பிடித்து வேலை வாங்கும் கங்காணியாக வந்தவர். எங்கள் தோட்டத்தில் முதலில் காடு வெட்டிக் குடியேறியவர் அவர்தான் என்று வீட்டில் சொல்வார்கள். மாரியம்மன் கோயில் பக்கத்தில் அவருக்கு ஒரு நினைவுக்கல் வைக்கப்போகிறோம். ஆறு தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைந்து இணைத்திருக்கிறேன். கல்லில் ‘முன்னோடி’ என்று போடலாமா, ‘மூதாதை’ என்று போடலாமா? அவர் வந்ததற்கான ஆவணங்களை எங்கே தேடுவது? அப்பாவின் அத்தை ஒருவர் இன்னும் லயத்து வரிசை வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் காது மந்தம், கேட்டால் எதையோ சொல்கிறார். என் பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

வீடு மாற்றப் போகிறோம். அதற்காகப் பரணிலிருந்து இறக்கிய அப்பாயியின் தகரப்பெட்டி இரண்டு வாரமாக என் மேசைமேல் திறந்து கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம். இல்லையென்றால் ‘மூதாதை போதும்’ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன்.

ஆவணம் பற்றி முதலில். கொழும்பிலேயே இருக்கிறீர்கள், தேசிய ஆவணக் காப்பகம் அங்கேதான் இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்க முடியாதா? காடு வெட்டிய கதையைக் கல்லில் ஏற்றாதீர்கள். கோப்பித் தோட்டங்களுக்காக மரம் சாய்த்ததில் ஒப்பந்தத்துக்கு வந்த சிங்களக் கிராமத்தாருக்கும் பெரும்பங்கு உண்டு.

அடுத்தது அந்தக் கங்காணி. மலையகத்திலிருந்து எனக்குக் கடிதம் எழுதுகிற அத்தனை பேருடைய பூட்டனும் கங்காணி. ஒருவருக்காவது சாதாரணக் கூலியாள் பூட்டனாக வாய்க்கவில்லை. கங்காணிக்கு 40 பேர் என்று நீங்களே கணக்குச் சொல்கிறீர்கள். அந்த 40 பேருக்குப் பிள்ளைகுட்டியே இல்லாமல் போய்விட்டதா? தோட்டத்துக்கே தலைவரான பெரிய கங்காணியா, அவருக்குக் கீழே சிறு கூட்டத்தை மேய்த்த சில்லறைக் கங்காணியா என்றுகூட உங்கள் கடிதத்தில் இல்லை. அவரைக் குறைசொல்லவில்லை. ஆள் பிடிக்கத் தோட்டம் கொடுத்த முன்பணம் அவர் தலையில் கடன், அவர் அதை ஆட்கள் தலையில் இறக்கிவைப்பார். தோட்டம் மாறும்போது அந்தக் கடன் மொத்தத்தையும் ஒரு துண்டில் எழுதித் தருவார்கள். புதிய துரை அதை அடைத்துவிட்டுக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வான். துண்டு முறை ஒழிய 1921 வரை ஆயிற்று. மன்னார்க் காட்டு வழியே மாத்தளைவரை நடந்து, வழியில் வாந்திபேதிக்கு ஆட்களைப் பறிகொடுத்து, மலையேறிய பிறகும் கடனோடு இருந்த மனிதர். அவரை நினைத்தால் எனக்கும் மனம் இளகத்தான் செய்கிறது.

ஆனால் நீங்கள் அனுப்பிய மரம் இருக்கிறதே, அதைப் பார்த்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

எண்ணிப் பார்த்தேன். 43 பெயர். அதில் பெண்கள் நான்கு பேர், நாலும் உங்கள் தலைமுறை. அதற்கு மேலே கங்காணிக்கு மகன், மகனுக்கு மகன் என்று ஆண்களே ஆண்களைப் பெற்றுப்போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் அழகாகக் கட்டம் கட்டத் தெரிந்த உங்களுக்கு, ஒவ்வொரு கட்டத்துக்குப் பக்கத்திலும் இன்னொரு கட்டம் வேண்டும் என்று தோன்றவே இல்லையா?

குடியேறியவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்? கோப்பிக்குப் பறிப்புக் காலம் உண்டு. பழம் பறித்து முடிந்தால் பெரும்பாலோர் கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள், அடுத்த பறிப்புக்கு மறுபடி வருவார்கள். வந்தவர்களில் அநேகம் பேர் ஆண்கள். கோப்பி இலையில் அந்தத் துரு நோய் 1869இல் மடுல்சீமையில் தென்பட்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பி போயிற்று, தேயிலை வந்தது. கொழுந்து வருஷம் முழுக்கத் துளிர்க்கும், வருஷம் முழுக்கக் கிள்ள ஆள் வேண்டும். அப்புறம்தான் குடும்பம் குடும்பமாக வந்து லயத்து அறையான காம்பிராவில் தங்கிப்போனார்கள். உங்கள் கங்காணி போக்குவரத்தாக இருந்தவர். அந்த மலையில் அடுப்பு மூட்டி, அங்கேயே பெற்று, பெற்றதில் பாதியை அங்கேயே புதைத்து, ஊர் திரும்பாமல் இருந்துவிட்டவள் வேறொருத்தி. அவள் பெயர் உங்களுக்குத் தெரியாது.

எனக்கும்தான் தெரியாது. அப்பாயியிடம் அவள் அம்மாவின் பெயரை ஒருமுறை கேட்டேன். அப்போது நாங்கள் கோத்தகிரியில் இருந்தோம். புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, “அம்மான்னுதான் கூப்புடுவோம். பேரெல்லாம் கணக்கப்பிள்ளைக்குத்தான் தெரியும். செக்ரோல்ல இருந்திருக்கும்” என்றாள். செக்ரோல் என்பது தோட்டத்தின் ஆள்கணக்குப் பதிவேடு. பெயர் என்பது காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் கூப்பிடுவதற்கும், மழையில் சீக்கிரம் வேலை விட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் கூலி, போடுவதற்கும்தான் என்பதுபோல. அவள் வலது கைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொழுந்துக் கறை கடைசிவரை இருந்தது. சீயக்காய்க்கும் போகாது, புளிக்கும் போகாது.

தகரப்பெட்டியில் இருப்பது முழுக்கத் தாத்தாவின் காகிதங்கள். இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் அதன் கணக்கை ஒருமுறை சொல்கிறேன். இலங்கையில் பிறந்தவனும் வம்சாவளிக் குடிமகன் ஆக வேண்டுமென்றால், தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். சட்டப்படியான மணத்தில் பிறந்தவன் என்றால், தாய் எங்கே பிறந்தாள் என்பது கணக்கிலேயே இல்லை. தாத்தாவின் தகப்பன் புதுக்கோட்டைப் பக்கம் பிறந்தவர். தாயோ மஸ்கெலியா லயத்தில் பிறந்து அங்கேயே செத்தவள். 1949 சட்டப்படி, தொடர்ந்து குடியிருந்ததைக் காட்டி ஒரு மனு போட்டுப் பார்த்தார். திரும்பி வந்த கடிதம் இந்தப் பெட்டியில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்துபோய். அப்புறம் 1964 ஒப்பந்தம், இலங்கைப் பிரதமர் சிரிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் தலைக்கணக்குப் போட்டு இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பிரித்துக்கொண்டது. அந்த 5,25,000 பேரில் நாங்கள் ஒரு குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். நீலகிரி மலைக்கு லாரியில் வந்து இறங்கிய அன்று அப்பாயி முதலில் பார்த்தது தேயிலைச் செடியைத்தான். “யாருடா இதைக் கவ்வாத்து வெட்டுனது?” என்று முகம் சுளித்தாள். வீட்டுக்கு மறுநாள்தான் போய்ப் பார்த்தாள்.

இப்போது உங்கள் மரத்தையும் அந்தச் சட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தகப்பன், பாட்டன், பூட்டன். ஒரே வரைபடம். நம் ஆட்களை நாடற்றவர்களாக்கியவர்கள் போட்ட கட்டத்தை நீங்கள் அப்படியே கல்லில் வெட்டப் போகிறீர்கள். செலவு வேறு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். அரை நாளில் போஸ்டர் அடித்து முடிக்கிற காலத்தில், கல் வைக்க வேண்டும் என்று நினைக்கிற உங்கள் வயசுப் பிள்ளைகள் எத்தனை பேர்? வையுங்கள். கோயில் பக்கத்திலேயே வையுங்கள். ஆனால் கல் வெட்டுகிறவரிடம் ஒரு மாதம் தவணை கேளுங்கள்.

கடிதத்தில் போகிற போக்கில் ஓர் அத்தையைச் சொல்கிறீர்களே, ‘எதையோ சொல்கிறார்’ என்று. என்ன சொல்கிறார்? அதை ஏன் எனக்கு எழுதவில்லை? காது மந்தம் என்றால் போனில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். வெற்றிலை போடுவாரா என்று விசாரித்து வாங்கிக்கொண்டு போங்கள். கங்காணியைப் பற்றி முதலில் கேட்க வேண்டாம், அந்தக் கதையை அவரும் மனப்பாடமாக வைத்திருப்பார். அவருடைய அம்மா எந்த மலையில் கொழுந்து எடுத்தார் என்று கேளுங்கள்.