காது மிஷினை ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்து வைக்கிறான்

வணக்கம் மேடம்,

எங்களுக்குத் திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம். மகனுக்கு 14 வயது. நாலு வயதிலேயே இரண்டு காதும் சரியாகக் கேட்காது என்று தெரிந்து மிஷின் போட்டோம். எட்டாவது வரை ஊர்ப் பள்ளிக்கூடம். டீச்சர்களுக்கு இவனைத் தெரியும், நன்றாகவே படித்தான். இந்த வருஷம் ஒன்பதாவதுக்கு டவுனில் பெரிய பள்ளியில் சேர்த்தோம். வகுப்பில் அறுபது பிள்ளைகள். இப்போது மிஷினைக் கழற்றி ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒளித்து வைக்கிறான். திங்கட்கிழமை ஆனால் வயிற்றுவலி. சாயங்காலம் வந்ததும் யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்கிறான். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, திமிர் என்கிறார் வகுப்பாசிரியர். வீட்டில் அவன் அப்பா வைகிறார். கேட்டால் “எல்லாம் புரியுதும்மா” என்று தலையை ஆட்டுகிறான். பரீட்சைப் பேப்பரைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. காது கேளாதோர் பள்ளிக்கே மாற்றிவிடலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத தாய்

அன்புள்ள சகோதரி,

பள்ளியை மாற்றுவது இருக்கட்டும். மிஷினோடு காதுக்குள் பொருந்துகிற மோல்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? வளர்கிற பிள்ளைக்குக் காதும் வளரும். பழைய மோல்டு தளர்ந்துபோனால் உள்ளே போகவேண்டிய சத்தம் கசிந்து மைக்குக்கே திரும்பும்; ‘கீ’ என்று விசிலடிக்கும். காதருகே கையைக் கொண்டுபோனால் இன்னும் கூடும். அறுபது பேர் நடுவில் காதிலிருந்து விசில் வந்தால் எந்தப் பையன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? இவன் கழற்றி வைக்க அதுதான் காரணமா என்று நிதானமாகக் கேளுங்கள். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் காட்டி, காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற ஆடியோகிராமும் புதிதாக எடுத்துவிடுங்கள். கேட்கும் திறன் மாறியிருந்தால் மிஷினையும் அதற்கேற்பச் சரிசெய்ய வேண்டும். நம்ம ஊர் வெயிலில் வியர்வை இறங்கியும் மிஷின் மக்கர் பண்ணும். இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் பாக்கெட் போட்ட டப்பாவில் வையுங்கள்.

திமிர் என்பதை நான் ஏற்கவில்லை. காதில் விழுவது பாதி, மீதியை அவன் ஊகிக்கிறான். வாயசைவைப் பார்க்கலாம் என்றால் ‘பாலை’க்கும் ‘மாலை’க்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ஆசிரியர் போர்டு பக்கம் திரும்பிவிட்டால் அதுவும் போச்சு. மின்விசிறி இரைச்சலையும் மிஷின் சேர்த்தே பெரிதாக்கும். நாள் முழுக்க இப்படி ஊகித்துக்கொண்டே இருந்தால் யாருக்கும் அலுத்துத்தான் போகும். சாயங்காலம் படுப்பது அந்த அசதி. மிஷினைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா கிடக்கட்டும், அவன் அப்பாவிடமும் சொல்லி வையுங்கள். வயிற்றுவலியும் நடிப்பாக இருக்க வேண்டியதில்லை. பதற்றம் வந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும்.

“புரியுதா?” என்று கேட்காதீர்கள். “புரியுது” என்பதுதான் அவன் மானத்தைக் காப்பாற்றும் பதில். எந்த சார் பேசுவது தெளிவாக இருக்கிறது, யாருடையது பிடிபடவில்லை என்று கேளுங்கள். பட்டியலே போடுவான். அதை வைத்துக்கொண்டு வகுப்பாசிரியரைப் பாருங்கள், அவனையும் கூட வைத்துக்கொண்டு. அவனுக்குத் தெரியாமல் போய்ப் பேசினால் மிஷினைவிட அதுதான் அவனுக்கு வெட்கமாக இருக்கும். பெரிதாக எதுவும் கேட்க வேண்டாம். இரண்டாவது பெஞ்சில், ரோட்டுப் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி ஓர் இடம். எழுதி முடித்துத் திரும்பியபின் பேசுவது. வீட்டுப்பாடத்தை போர்டில் எழுதிப்போடுவது. நோட்டைக் காட்ட ஒரு நண்பன், அவனே தேர்ந்தெடுத்த நண்பன். பள்ளியில் பிடிகொடுக்காவிட்டால் கல்வித்துறையின் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் போங்கள். ஆசிரியர்களிடம் எடுத்துச் சொல்வதும் அவர்கள் வேலைதான்.

காது கேளாதோர் பள்ளி ஒன்றும் மட்டமான வழி இல்லை. ஆனால் அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் சைகையில் பேசிக்கொள்வார்கள்; பேச்சிலேயே வளர்ந்த பையனைத் திடீரென்று கொண்டுபோய்விட்டால் அங்கேயும் தனியாகத்தான் நிற்பான். அவனாக ஆசைப்பட்டால் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள். சைகை மொழி கற்றுக்கொள்ள அந்தப் பள்ளியில்தான் சேரவேண்டும் என்பதும் இல்லை.

அப்புறம், அடுத்த வருஷம் பத்தாவது. பொதுத்தேர்வில் காது கேளாத மாணவர்களுக்குக் கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கூடுதல் நேரத்தைத் தயங்காமல் வாங்குங்கள். மொழிப்பாட விலக்கு வேண்டுமா என்பதை மட்டும், மேலே அவன் என்ன படிக்க நினைக்கிறான் என்று கேட்டுவிட்டு முடிவுசெய்யுங்கள். இதற்கெல்லாம் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வேண்டும். ஆடியோகிராம் எடுக்கப் போகிற அன்றைக்கே அதையும் விசாரித்துவிட்டு வாருங்கள்.