பட்டுக்கடையில் தம்பி ஏன் நிற்கவில்லை?

கேள்வி: என் தம்பிக்கு 29 வயது. ஆட்டிசம் உண்டு, ஆனால் தனியாக வேலைக்குப் போய் வருகிறான். போன தீபாவளிக்குத் துணி எடுக்க தி.நகர் கூட்டிப்போனோம். கால் மணி நேரத்தில் காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டான். 'இத்தனை வயசாகியும் அடம்' என்கிறார் சித்தப்பா. பழக்கினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அடம் இல்லை சகோதரி. எனக்கும் ஆட்டிசம்தான், 31 வயதில் தெரிய வந்தது. அதனால் உங்கள் தம்பி அங்கே என்ன பட்டிருப்பார் என்று ஓரளவு சொல்ல முடியும்.

ஸ்பீக்கரில் விளம்பரப் பாட்டு, நடுவே மைக்கில் யாரையோ கூப்பிடுவது, பில் மெஷின் சத்தம், புதுத்துணி வாசனை, அதோடு மல்லிகையும் சென்ட்டும், முதுகை உரசிக்கொண்டே போகிற கூட்டம். உங்கள் மூளை இதில் முக்கால்வாசியை ஒதுக்கிவிட்டு அம்மா கேட்கிற புடவை நிறத்தை மட்டும் காதில் வாங்கும். எங்களில் பலருக்கு அப்படி ஒதுங்காது, எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் உள்ளே வரும். பழைய சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மின்னி மங்கும், பெரும்பாலோருக்குத் தெரியாது, சிலருக்கு அதுவே தாங்காது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013-இல்தான் இந்தப் புலன் பிரச்சினையை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது, அப்புறம் சித்தப்பாவை மட்டும் குறை சொல்லி என்ன!

பழக்கலாமா என்றால், அடக்கிக்கொண்டு நிற்கப் பழகலாம். நான் பல வருடம் நின்றேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச்சே வராமல் படுத்துக் கிடப்பேன். வேண்டாம்.

இங்கிலாந்தில் மாரிசன்ஸ் சூப்பர்மார்க்கெட் 2018-இல் சனிக்கிழமை காலை 9 முதல் 10 வரை பாட்டை நிறுத்தி, விளக்கை மங்கலாக்கி, அறிவிப்புகளைக் குறைத்து எங்களைப் போன்றவர்களுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்கியது. நம் கடைகளும் செய்யலாம், ஸ்பீக்கரை அணைக்கக் காசா பணமா? நம் நாட்டு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது, கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அதுவரை, பண்டிகைக்கு ஒரு மாதம் முன்னால், வார நாளில், கடை திறந்தவுடன் போங்கள். காதை மூடும் ஹெட்போன் போட்டுக்கொள்ளட்டும். 'போதும்' என்று அவர் கை காட்டினால் யாரும் காரணம் கேட்காமல் வெளியே வரட்டும்.

அதற்கும் முன்னால் அவரையே கேளுங்கள், சத்தமா, வெளிச்சமா, வாசனையா, கூட்டமா, எது அன்றைக்கு ஆகவில்லை என்று. எனக்குக் கோயில் மேளம் பிடிக்கும், குக்கர் விசில் ஆகாது. அவருக்கு நேர்மாறாக இருக்கலாம்.