ஸ்டாடின் தொடங்கியபின் தொடை கனக்கிறதா?

வணக்கம் நண்பரே. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரையான அட்டோர்வாஸ்டாடின் 40 மி.கி. தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது, 5 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றிலேயே நின்றுவிடுகிறது, மாடி ஏறினால் இரண்டு தொடையும் கனக்கிறது என்கிறீர்கள். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், முக்கியமாக இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர் என்றால்.

நீங்கள் சொல்வது கற்பனை இல்லை. கல்லீரல் கொலஸ்ட்ராலைத் தயாரிக்கும் பாதையைத்தான் ஸ்டாடின் அடைக்கிறது. தசை செல்லின் மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் உண்டாக்கத் தேவையான கோகியூ10 என்ற பொருளும் அதே பாதையில்தான் உருவாகிறது. 2013-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சிறிய ஆய்வில், 12 வாரம் உடற்பயிற்சி மட்டும் செய்தவர்களின் உடல்திறன் 10 சதவீதம் கூடியது. கூடவே சிம்வாஸ்டாடின் என்ற ஸ்டாடினை 40 மி.கி. எடுத்தவர்களுக்கு 1.5 சதவீதம்தான். ஆனால் 2020-இல் வந்த சாம்சன் ஆய்வு வேறு கதை சொல்கிறது: ஸ்டாடினில் வந்த தொந்தரவில் 90 சதவீதம் மருந்தே இல்லாத வெறும் போலி மாத்திரையிலும் வந்தது! ஆக, மருந்துதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம்.

டாக்டரிடம் சிபிகே (தசை பாதிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, வைட்டமின் டி மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தம் கொடுக்கும் முன் இரண்டு மூன்று நாள் ஓடாதீர்கள். ஓட்டமே சிபிகேயை ஏற்றிவிடும். அப்புறம் அளவைக் குறைப்பதா, ரோசுவாஸ்டாடின் என்ற வேறு ஸ்டாடினுக்கு மாறுவதா என்று அவர் சொல்வார். கோகியூ10 மாத்திரை வாங்கச் சொல்பவர்கள் உண்டு, உறுதியான பலன் தெரியவில்லை, விலையும் அதிகம்.

சிறுநீர் கோலா நிறத்தில் போனால் மட்டும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.