ஐந்து மாதம் பொறுத்தால் நகை வீட்டிலேயே இருக்கும்

கேள்வி: தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து எடுக்கிறேன். வயது 29. உயர்தரத்தில் கலைப்பிரிவில் மூன்று பாடமும் சித்தி. தோட்டத்தில் பேர் பதிந்து நாலு வருஷமும் ஏழு மாதமும் ஆகிறது. கைக்கு மாதம் 26,000 வரும். கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து 36,000 அனுப்புகிறார். வீட்டுச் செலவு, வாரம் 1,600 வீதம் கட்டும் நுண்கடன் (இன்னும் 20 வாரம் இருக்கிறது), 5,000 சீட்டு எல்லாம் சேர்த்து மாதம் 57,000 போகிறது. 75,000 ரூபாச் சீட்டில் என்னுடையது கடைசி நம்பர், ஐந்து மாதத்தில் கையில் வரும். வங்கியில் 40,000 இருக்கிறது. இரண்டரைப் பவுன் நகையும் உண்டு. மூத்தவனுக்கு ஆறு வயது, சின்னவளுக்கு மூன்று. மாமி வீட்டில் இருக்கிறார், அவருக்குச் சீனி வருத்தம். ஹட்டனில் ஒரு தனியார் நிறுவனத்தில் ஒரு வருட ‘நர்சிங் டிப்ளோமா’ 145,000 ரூபா. இந்த மாத முடிவுக்குள் 50,000 கட்டினால் இடம் நிச்சயம், முடித்ததும் ஜப்பான் போகலாம் என்கிறார்கள். நகையை அடகு வைத்துச் சேரலாமா?

பதில்: வேண்டாம் சகோதரி. அந்த 50,000ஐக் கட்ட வேண்டாம், இந்த மாதம் வேலையை விடவும் வேண்டாம். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் எண்ணம் நல்லதுதான், அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ‘நாலு வருஷமும் ஏழு மாதமும்’ என்பதில்தான் உங்கள் கணக்கின் பெரிய காசு இருக்கிறது.

1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியாக்கியவர் தானாக விலகினாலும் பணிக்கொடை உண்டு. நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம், அதாவது ஐந்து வருடத்துக்கு 70 நாள். அடிப்படை நாள் சம்பளத்தை 1,350 ஆக வைத்தாலே 94,500 ரூபா. விலகி 30 நாளுக்குள் தோட்டம் அதைக் கொடுக்க வேண்டும். ஐந்து வருடம் நிறைய ஒரு கிழமை இருக்கும்போது விலகினாலும் ஒரு சதம் கேட்க முடியாது.

ஆகவே முதல் வேலை, தோட்டத்து ஆபிசில் பேர் பதிந்த திகதியைக் கேட்டு எழுதிக்கொள்வது. இங்கேதான் பலருக்குச் சறுக்கும். கைக்காசுக்குக் கொழுந்து எடுத்த மாதங்களையும் சேர்த்து மனசுக்குள் எண்ணி வைத்திருப்பார்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவேட்டில், பேர் ஏறியது அதற்குப் பிந்தியே இருக்கும். ஊழியர் சேமலாப நிதிக்கு முதன்முதலில் காசு கட்டப்பட்ட மாதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டில் பிந்திய திகதியைக் கணக்குக்கு எடுத்து, அதற்கு மேலும் ஒரு மாதம் வேலை செய்துவிட்டு விலகல் கடிதம் கொடுங்கள். கடிதத்தின் பிரதியில் திகதியும் முத்திரையும் வாங்காமல் ஆபிசை விட்டு வர வேண்டாம்.

சேமலாப நிதியை உடைத்துத் தருகிறேன் என்று யாரும் வந்தால் அனுப்பிவிடுங்கள். இடையில் எடுக்கக் கிடைக்கும் 30 வீதம் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும்தான், படிப்புக்கு இல்லை. அந்தக் காசு எங்கும் போய்விடாது. அங்கத்துவ இலக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி வேறு மாதிரி. வேலையை விட்டதும் அதைக் கேட்கலாம், ஆனால் ஒருமுறை எடுத்தால் அடுத்ததற்கு ஐந்து வருட இடைவெளி வேண்டும். விண்ணப்பத்தில் தோட்டத்தின் கையொப்பத்தை விலகும் நாளிலேயே வாங்கி வையுங்கள், காசை இப்போதைக்கு எடுக்க வேண்டாம்.

இனிப் படிப்பு. ஒரு வருட ‘நர்சிங் டிப்ளோமா’ உங்களைத் தாதி ஆக்காது. இலங்கையில் தாதியாக வேலை செய்ய இலங்கைத் தாதியர் சபையில் பதிவு வேண்டும். அரச தாதியர் பயிற்சி மூன்று வருடம், வர்த்தமானியில் அழைப்பு வரும்போது கேட்பது விஞ்ஞானப் பிரிவுச் சித்திகளை. கலைப்பிரிவுக்காரருக்கு நடைமுறையில் திறந்திருக்கும் வாசல் தாதி உதவியாளர் அல்லது பராமரிப்பாளர் வேலை. அதற்கு வேண்டிய சான்றிதழ் தேசிய தொழிற்தகைமை, எல்லோரும் சொல்கிற என்.வி.கியூ. மூன்றாம் அல்லது நான்காம் மட்டத்தில் எடுக்கலாம்.

அந்த நிறுவனத்திடம் மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவிலக்கத்தைக் கேட்டால் உடனே காட்டுவார்கள். சுவரில் சட்டம் போட்டு மாட்டியும் இருக்கும். அதோடு திருப்திப்பட்டுத் திரும்பிவிடக் கூடாது. அது நிறுவனத்தின் பதிவு மட்டுமே. நீங்கள் சேரப்போகும் அந்தப் பாடநெறிக்குத் தரச்சான்று தனியாக இருக்க வேண்டும். கணினிப் பாடநெறிக்குத் தரச்சான்று வாங்கி வைத்துக்கொண்டு, அதே கூரையின் கீழ் தாதி உதவியாளர் வகுப்பையும் நடத்த முடியும். கடைசியில் கையில் வருவது அவர்களே அச்சடித்த தாளாக இருக்கும். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் நிறுவனத்தின் பெயரையும் பாடநெறியின் பெயரையும் தேடிப் பாருங்கள். பிறகு மூன்று விஷயம் கேளுங்கள். எத்தனையாம் மட்டம்? வார்டுப் பயிற்சி எந்த வைத்தியசாலையில், எத்தனை மாதம்? என்.வி.கியூ மதிப்பீட்டுக் கட்டணம் 145,000க்குள் அடங்குமா? பதிலை எழுத்தில் தரத் தயங்கினால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

பணம் கட்டுமுன் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நுவரெலியா மாவட்ட அலுவலகத்திலும், நைட்டா என்று சொல்லும் பயிலுநர் பயிற்சி அதிகாரசபையிலும் விசாரியுங்கள். வேலைத்தளத்திலேயே பயிலுநராகச் சேர்த்துவிடுவது நைட்டாவின் முறை. அரச நிலையங்களில் கட்டணம் தனியாரோடு ஒப்பிடவே முடியாத அளவு குறைவு. வகுப்பு தமிழில் நடக்குமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் எண்களைப் போட்டுப் பார்ப்போம். வேலையை விட்டால் வரவு 36,000 மட்டும். செலவு 57,000இலிருந்து, கடன் 6,400ஐயும் சீட்டு 5,000ஐயும் முடிந்துவிட்டதாகவே வைத்துக் கழித்தால் 45,600. அதில் ஹட்டனுக்கு பஸ்ஸும் சாப்பாடும் 7,000, பிள்ளை பார்ப்பவருக்கு 5,000 கூட்டினால் 57,600. மாதம் 21,600 துண்டு விழுகிறது. ஒரு வருடத்துக்கு 259,200. சீருடை, சப்பாத்து, வைத்தியப் பரிசோதனை, ஊசி, பத்திரங்கள் என்று ஒருமுறைச் செலவுக்கு 25,000 ஒதுக்குங்கள். பாடநெறிக் கட்டணத்தையும் சேர்த்தால் மொத்தம் 429,200. அவர்கள் சொன்ன 145,000 இதில் மூன்றில் ஒரு பங்குதான். இந்த மாதிரிப் படிப்பைப் பாதியில் விடுபவர்கள் கட்டணத்தால் விடுவது குறைவு. ஏழாம் எட்டாம் மாதத்தில் அரிசிக்கும் பஸ்ஸுக்கும் காசில்லாமல்தான் விடுகிறார்கள். அதற்குள் நகையும் அடகில் இருக்கும், சான்றிதழும் கையில் இருக்காது.

அதே எண்களை ஐந்து மாதம் தள்ளி வையுங்கள். கடன் முடிகிறது. வங்கி 40,000, சீட்டு 75,000, மாதம் மிஞ்சும் 5,000 வீதம் 25,000. மொத்தம் 140,000. ஆறு மாத அரச பாடநெறி ஒன்று கிடைத்தால் துண்டு 129,600, ஒருமுறைச் செலவு 25,000, ஆக, அந்தக் குறைந்த கட்டணத்தைச் சேர்க்காமலே, 154,600 வேண்டும். 14,600 குறைகிறது. பணிக்கொடை 94,500 வந்ததும் அது அடைபட்டு 79,900 மிஞ்சும். படிப்பு முடிந்து வேலை கிடைக்கும்வரை இரண்டு மாதத்துக்கு 43,200 எடுத்தாலும் 36,700 கையில் நிற்கும். வெயில் மாதங்களில் கொழுந்து குறைந்து அந்த மாதாந்த 5,000 மிஞ்சவே இல்லை என்றாலும் 11,700 இருக்கிறது. பணிக்கொடைக் காசை முதல் மாதச் செலவுக்கு நம்பியிருக்க வேண்டாம், சட்டம் 30 நாள் என்றாலும் இழுபடுவது உண்டு. சீட்டுக் காசில் தொடங்குங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கணக்கைவிட நேரம்தான் முக்கியம். தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தின் நேரம் தோட்டத்து வேலை நேரத்துக்கு அளந்தது. உங்கள் பேர் வெட்டுப்பட்ட பிறகும் சின்னவளை அங்கே விடலாமா என்பதை மடுவத்துப் பொறுப்பாளரிடம் இப்போதே கேளுங்கள். விடலாம் என்றால் அந்த 5,000இல் பாதியாவது மிச்சம். வகுப்பு மாதங்கள் பெரிதாக வாட்டாது, வார்டு மாதங்கள்தான் வாட்டும். காலை முறை 7 மணிக்கு ஆரம்பித்தால் தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் நேரத்துக்குச் சேருமா? மழை நாளிலும் பனி மூட்டத்திலும்? சேருவதற்கு முன் ஒரு வேலை நாளில் அந்த பஸ்ஸில் ஏறிப் போய்ப் பாருங்கள். மாமிக்குக் கிளினிக் நாள் உண்டு, சீனி கூடிக் குறையும் நாளும் உண்டு. அவரை மட்டும் நம்பி ஆறு மாதத்தைத் திட்டமிட வேண்டாம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இன்னொருவரைக் கூப்பிடும் நாளுக்கு மட்டும் கூலி என்று பேசி வையுங்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போகாத நாள்கள் சேர்ந்து வருகை வீதம் குறைந்தால் மதிப்பீட்டுக்கு உட்கார விடமாட்டார்கள். எத்தனை நாள் தவறலாம் என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுங்கள்.

வீட்டில் தோட்டத்துப் பேர் உள்ள ஒரே ஆள் நீங்கள் என்றால் நீங்கள் இருக்கும் லயக் காம்பரா (லயத்து வீட்டு அறை) பற்றியும் ஒரு வார்த்தை. விலகுமுன் தோட்டத் தலைவரிடம் சொல்லி, காம்பரா யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள்.

காத்திருக்கும் ஐந்து மாதமும் சும்மா போகத் தேவையில்லை. ஹெபடைடிஸ் பி ஊசி மூன்று தடவை: முதலாவது, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, முதலாவதிலிருந்து ஆறாம் மாதம் மூன்றாவது. இன்று தொடங்கினால் வார்டுக்குள் கால் வைக்குமுன் முடிந்துவிடும், செலவும் பிரிந்து வரும். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். மலையகத்தில் அப்பா பெயர் ஒன்றில் ஒரு மாதிரி, மற்றதில் வேறு மாதிரி இருப்பது சாதாரணம். திருத்தம் பிரதேச செயலகத்தில் மாதக்கணக்கில் இழுபடும். சிங்களம் பேச வந்தாலும் வாசிக்க வராவிட்டால் இந்த மாதங்களில் எழுத்துக் கூட்டிப் பழகுங்கள். வார்டில் சொல்லும் வேலையும் எழுதும் தாளும் அநேகமாகச் சிங்களத்தில்தான்.

நுவரெலியா, ஹட்டன், நாவலப்பிட்டி, கண்டிப் பக்கத்துத் தனியார் வைத்தியசாலைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் போன் எடுத்து, என்ன சான்றிதழ் கேட்கிறார்கள், கைக்கு எவ்வளவு வரும், இரவு முறை உண்டா, சேமலாப நிதி கட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். உங்களுடைய எல்லைக்கோடு 38,000. இப்போதைய 26,000த்துடன் பஸ், சாப்பாடு 7,000ஐயும் பிள்ளை பார்க்கும் 5,000ஐயும் சேர்த்தால் வரும் தொகை அது. கைக்கு அதைவிடக் குறைவாகக் கிடைத்தால் கொழுந்து எடுத்த காலத்தைவிட வீட்டில் காசு குறையும். இரவு முறை இருந்தால் பிள்ளை பார்ப்பவர் கேட்கும் தொகையும் ஏறும், அந்த எல்லைக்கோட்டை அதற்கேற்ப மேலே தூக்குங்கள்.

ஜப்பான் பற்றி. அங்கே பராமரிப்பு வேலைக்கு ஜப்பான் மொழியில் என்4 மட்டச் சித்தியோ அதற்குச் சமமான பரீட்சையோ வேண்டும், அத்துடன் பராமரிப்புத் திறன் பரீட்சையும். இங்கே எடுக்கும் தாதி உதவியாளர் சான்றிதழைக் காட்டி மட்டும் விமானம் ஏற முடியாது. வழமையாகக் கொடுக்கும் முதலாம் வகைத் திறன் விசாவில் ஐந்து வருடம்வரை இருக்கலாம், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது. மூன்று வயதுப் பிள்ளையை விட்டுப் போவதா என்பது நீங்களும் கணவரும் பேச வேண்டியது. ஆனால் அந்த வாக்குறுதிக்காக இப்போது ஒரு சதமும் கூடுதலாகக் கட்ட வேண்டாம். எந்த வெளிநாட்டு வேலையானாலும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் உரிமம் உள்ள முகவரா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கையளிக்கவும் வேண்டாம்.

நகையைக் கடைசி வரிசையில் வையுங்கள். வேலை கிடைக்கத் தாமதித்து, நம்பிக்கைப் பொறுப்பு நிதிக் காசும் முடிந்த பிறகு ஒரு உருப்படியை மட்டும் வங்கியில் அடகு வைக்கலாம், எல்லாவற்றையும் ஒரே ரசீதில் அல்ல. ஒரே ரசீதானால் மீட்கவும் முழுத் தொகை வேண்டும்.

நுண்கடன் முடியும் வாரத்தில் கடன் குழு கூடும் மையக் கூட்டத்தில் அடுத்த கடனை நீட்டுவார்கள், இதைவிடப் பெரியதாக. கடைசித் தவணை கட்டியதற்குத் துண்டும், கடன் முடிந்ததற்குக் கடிதமும் வாங்குங்கள். குழுவில் மற்றவர்களின் கடனுக்கு உங்கள் கையொப்பம் பிணையாக இருந்தால், யாருடையது எந்த மாதம் முடிகிறது என்று எழுதி வைத்துக்கொண்டு, புதுக் கடன் எதற்கும் கையொப்பம் போடாமல் எழுந்து வாருங்கள். படிக்கும் மாதங்களில் வாரத் தவணை கேட்டு லயத்து வாசலுக்கு ஆள் வரக் கூடாது.